தறிச் சத்தம் நின்ன நேரம்

இல்லம்மா, நெஞ்சுக்கு எடுக்கற ஆஞ்சியோ வேற, இது வேற. நானும் உங்கள மாதிரியேதான் கேட்டேன். எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லீங்களே, கையும் வாயும்தான இழுத்துகிச்சு, அதுக்கு எதுக்கு ஆஞ்சியோன்னு. அந்த டாக்டரம்மா பொறுமையா சொல்லுச்சு. சின்ன வயசுதான், தீபான்னு சட்டைல பேரு குத்திகினு இருக்குது. கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்கொழாய்ல மருந்து ஏத்தி படம் புடிப்பாங்களாம். எந்த எடத்துல அடைச்சிகினு இருக்குதுன்னு அதுல பளிச்சுனு தெரியுமாம். மருந்து ஏறும்போது ஒடம்பு பூரா சூடாவும், பயப்படாதீங்க ஐயான்னு அவருகிட்டயே சொல்லுச்சு. அவருக்கு வெளங்குச்சா இல்லியா, யாருக்குத் தெரியும். கண்ண மட்டும் என் பக்கம் திருப்பினாரு.

நல்லா சாஞ்சி குந்துங்கம்மா. இந்தப் பெஞ்சு கொஞ்சம் ஆடுது, அவ்ளோதான், விழாது. உங்களுக்கு யாரு உள்ள, மாமனாரா? டிராக்டர்ல இருந்தா விழுந்தாரு? ஐயோ. பேசறாரா? பேசறாருன்னா போதும்மா, மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம். எந்த ஊரு நீங்க, தெள்ளாரா? நான் வந்தவாசி தாண்டி அந்தாண்ட வந்ததே இல்ல. எங்களுக்கு ஆரணி பக்கத்துல சேவூரு. பட்டு நெய்யறவங்க. என் பேரு புஷ்பலதா. இவரு மணவாளன்.

வாய் மணவாளன்னு சொன்னாதான் எங்க தெருவுல தெரியும். கையி தறில இருக்கும், வாயி ஊரு சுத்தி வரும். போறவங்க வர்றவங்க யாரையும் வுட மாட்டாரு. என்னப்பா, பொண்ணு பாக்கப் போனியாமே, பொண்ணு ஒன்னப் பாத்துச்சா இல்ல அடுப்பங்கரைக்கு ஓடிப்போச்சான்னு உள்ள இருந்தே கொரல் குடுப்பாரு. என் கொழம்ப வெச்சி ஒரு நாளைக்கு ஒரு கதை கட்டுவாரு. எனக்குப் பேஜாரா இருக்கும். கொஞ்சம் வாய மூடிகினு இருங்களேன்னு எத்தினி தபா கத்தியிருக்கறேன். இன்னிக்கு மூடிகினாரு. பாதி வாயிதான் மூடுது, மீதி தொங்குது.

அது இன்னா லைட்டுன்னு கேக்கறீங்களா? கதவுக்கு மேல செவப்பா எரியுதே, அது எரியற வரைக்கும் உள்ள யாரும் போவக் கூடாதாம். படம் புடிச்சிகினு இருக்காங்கன்னு அர்த்தம்.

உங்ககிட்ட டாக்டருங்க மொதல்ல இன்னா கேட்டாங்க? எப்பிடி விழுந்தாருன்னா? எங்ககிட்ட அப்பிடிக் கேக்கலம்மா. சக்கரை இருக்குதா, பிரஷர் இருக்குதான்னு கேப்பாங்கன்னு நெனச்சிகினு வந்தேன். அதெல்லாம் பின்னாடிதான். மொத கேள்வியே, கடைசியா அவரு நல்லா இருந்தத நீங்க எப்பப் பாத்தீங்கன்னுதான். எப்ப வந்துச்சுன்னு இல்ல, கவனிச்சீங்களா. எப்ப நல்லா இருந்தாருன்னு. வாசல்ல ஸ்ட்ரெச்சர் தள்ளிகினு வந்த ஆளு கேட்டாரு. அப்பால சிஸ்டரு. அப்பால தீபா டாக்டரு. போன்ல யாரோ பெரிய டாக்டருகிட்ட பேசிட்டு வந்து மறுபடியும் கேட்டுச்சு. நல்லா யோசிச்சி சொல்லுங்கம்மான்னு.

யோசிக்க இன்னா இருக்குது? காலைல பத்து மணிங்க, தறில இருந்தாருன்னேன்.

நடந்தத சொல்றேன் கேளுங்க. நான் முன் ரூமுல தார் சுத்திகினு இருந்தேன். ஊடைக்கு, அதாம்மா குறுக்கு இழைக்குப் போடற பட்டுங்க, தறில இப்பிடியும் அப்பிடியும் ஓடற நாடாக்குள்ள வெக்கற குச்சில சுத்தித் தரணும், அது என் வேல. அவரு உள்ள நெய்யறாரு. எங்க தெருவுல ஒவ்வொரு வூட்லயும் அந்தச் சத்தம் இருக்கறதால, தறி ஓடறது எங்க காதுல விழறதே இல்ல. நின்னாதான் காதுல விழும். திடீர்னு நின்னுச்சு. இழை ஏதாவது அறுந்திருக்கும், முடிச்சு போடறாருன்னு நெனச்சேன். முடிச்சு போடற நேரமும் போச்சு. ஏங்க, பீடிக்குப் போயிட்டீங்களான்னேன். பதில் இல்ல. வாய் மணவாளன் பதில் சொல்லலன்னா சும்மாவா? எழுந்து ஓடிப் பாத்தா, நாடா தறிக் குழிக்குள்ள விழுந்து கெடக்குது. இவரு நெஞ்ச தறி மேல சாச்சிகினு, மொகத்த மட்டும் ஒரு பக்கமா திருப்பிகினு இருக்கறாரு. எச்சி ஒழுவுது. நெய்ஞ்ச பொடவ மேல பட்டுடக் கூடாதுன்னு மொகத்தத் திருப்பியிருக்காரும்மா. அந்த நெலமையிலயும்.

கல்யாணப் பொடவதான். மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. எந்தப் பொண்ணு கட்டப் போவுதோ.

பொடவ மேல எச்சி படாம திருப்பிகினாருன்னு சொன்னேனே, அத டாக்டருகிட்டகூட சொல்லல. இப்பதான் வாயில வந்துச்சு.

ஆமாம்மா, நேரம்தான் எல்லாமே. ஒங்களுக்கு யாரும் சொல்லல இல்ல, விழுந்து அடிபட்டதுக்கு அது தேவையில்ல போல. இதுக்கு ஒரு ஊசி இருக்குது. அடைப்பக் கரைக்கற ஊசி. அடைப்பு வந்ததுல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ளன்னாதான் போடுவாங்க. அதுக்குள்ள போட்டா கையி வரும், பேச்சு வரும், எழுந்து நடந்தே வூட்டுக்குப் போனவங்க இருக்கறாங்க. தாண்டிட்டா போட மாட்டாங்க. ஏன்னு நானும் கேட்டேன். நேரம் போயிட்டா மூளைக்குள்ள இருக்கற கொழாயெல்லாம் நைஞ்சி போயிருக்கும்மா, அந்த நேரத்துல இந்த மருந்த ஏத்தினா உள்ளயே ரத்தம் கசிஞ்சிடும், உயிருக்கே ஆபத்துன்னு சொல்லுச்சு. அடைப்பு எங்கன்னு இந்தப் படம் சொல்லிடும்மா, எப்பன்னு நீங்கதான் சொல்லணும்னுச்சு. என் கையப் புடிச்சிகினு சொல்லுச்சு. சில்லுனு இருந்துச்சு அது கையி.

நாங்க வந்த நேரம் நல்ல நேரம்னு சொல்லிட்டாங்க. டைம் இருக்குதாம். மொதல்ல சாதா ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் கசியல. இப்ப இந்தப் படம். இது முடிஞ்ச ஒடனே ஊசிதான். கையெழுத்தெல்லாம் என் கொழுந்தனாரு தனசேகரன் போட்டுட்டாரு. மருந்து வாங்கப் போயிருக்கறாரு, கீழ.

ஊசியப் பத்தி எங்களுக்கு எப்பிடித் தெரியும்னா, எங்க எதிர் வூட்டு அருணகிரி அண்ணன் கதைதான். அவரும் தறிக்காரரு. ஒரு நாளு சாயந்திரம் வலது காலு மரத்துப் போச்சு அவருக்கு. நெய்யறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லம்மா. நாள் பூரா குழிக்குள்ள காலத் தொங்கப் போட்டு மிதிச்சிகினு இருக்கறவங்களுக்கு காலு மரக்காம இன்னா பண்ணும்? எங்க தெருவுல எந்த ஆம்பளையும் தறிய வுட்டு எழுந்ததும் செவுத்தப் புடிச்சிகினு ஒரு நிமிஷம் நிப்பான். அப்பிடித்தான்னு நெனச்சாரு அவரும். சின்னம்மா அக்கா, அவரு சம்சாரம், வெளக்கெண்ண காச்சி தேச்சி வுட்டுச்சு. படுத்துட்டாரு. விடிஞ்சி பாத்தா ஒரு பக்கம் பூரா போயிடுச்சு.

வேற ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டுகினு போனாங்க. இதே படம்தான் எடுத்தாங்க. அந்த பிலிம இன்னிக்கும் அக்கா பீரோ மேல வெச்சிருக்குது. யாரு பாக்க வந்தாலும் எடுத்துகினு வெயிலுக்கு வந்துடும். பாருடி புஷ்பா, இந்தப் பக்கம் பாரு, மரக் கிள மாதிரி எத்தினி பிரியுது, அந்தப் பக்கம் பாரு, வெட்டி வுட்டாப்ல நிக்குது பாருன்னு வெரல் வெச்சி காட்டும். நான் அத எத்தினி தபா பாத்திருப்பேன். கண்ண மூடினா வருது எனக்கு. அடைப்பு அவ்ளோ தெளிவா தெரிஞ்சிகூட ஊசி போடல. ஏன் போடல? நேத்து சாயந்திரமே காலு மரத்துச்சுங்கன்னு அக்கா உள்ளத உள்ளபடி சொல்லிடுச்சு. நேரம் தாண்டிப் போச்சும்மா, இனிமே ஆவாதுன்னுட்டாங்க.

இப்ப கட்டுலோட கட்டுலா கெடக்கறாரு. அக்காதான் எல்லாம் எடுத்துப் போடுது. நான் உண்மைய சொன்னேன்டி, அதுக்குத்தான் இவரு இப்பிடிக் கெடக்கறாருன்னு என்கிட்ட சொல்லி அழும். அது ஒண்டி இல்ல, எங்க தெருவே அத மனசுல வெச்சிகிச்சு. யாருக்காவது வாய் கோணிச்சுன்னா கையப் புடிச்சி பாக்கறதுக்கு முன்னாடி, நேரம் இன்னா சொல்லப் போறன்னுதான் கேப்பாங்க.

என் கொழுந்தனாரும் அப்பிடிக் கேட்டாரான்றீங்களா? இல்லல்ல, தனசேகரன் நல்ல மனுஷன்தாம்மா. அண்ணன்னா உசுரு. ஆம்புலன்ஸ்ல நான் ஒரே அழுவ. அவருதான், அண்ணி அழுவாதீங்க, உள்ள போனதும் டைம் கேப்பாங்க, நீங்க ஒண்ணு நான் ஒண்ணு சொல்லிடக் கூடாதுன்னாரு. பதட்டத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்லிடுவோம் இல்ல, அதுக்குத்தான். பத்து மணி, தறில இருந்தாரு, அவ்ளோதான் அண்ணி, அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்னாரு. தறின்னு சொன்னா டாக்டருங்களுக்கும் நல்லா வெளங்கும்னாரு.

நல்லாத்தான் வெளங்குச்சு. தறிச் சத்தம் நின்னுச்சுன்னு நான் சொன்னதும் தீபா டாக்டரு மொகத்துல ஒரு தெளிவு வந்துச்சு பாருங்க. அப்ப நேரம் கரெக்டா தெரிஞ்சிருக்கு உங்களுக்கு, ரொம்ப நல்லதும்மா, பாதிப் பேரு நேரம் தெரியாமதான் வர்றாங்கன்னுச்சு. என்ன மெச்சிகிச்சு அந்தப் பொண்ணு.

நேரம் தெரியாம வர்றவங்களுக்கு இன்னா பண்ணுவாங்கன்னு கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அதுக்கும் வழி இருக்குதாம். இன்னும் ரெண்டு படம் சேத்து எடுத்து, எவ்ளோ மூள செத்துப் போச்சு, எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு பாப்பாங்களாம். மிச்சம் இருந்தா ஊசி இல்லாம, தொடை வழியா கம்பி மாதிரி ஒண்ண வுட்டு அடைப்ப இழுத்து எடுக்கற வேல இருக்குதாம். நேரம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, நாங்க வுட்டுட மாட்டோம், ஆனா தப்பா மட்டும் சொல்லிடாதீங்கன்னுச்சு. நான் தனசேகரன் மொகத்தப் பாத்தேன். அவரு தலைய மெதுவா ஆட்டினாரு. நம்ப வாயப் புடுங்கத்தான் அப்பிடிச் சொல்றாங்கன்னு அர்த்தம். அருணகிரி அண்ணனுக்கு அப்பிடி ஒண்ணும் யாரும் சொல்லலியே.

நீங்க இன்னா சொல்றீங்க, நெஜமாவே சொல்லியிருக்கும்ன்றீங்களா? இப்ப அதெல்லாம் வந்துடுச்சா? இருக்கும். அது கண்ணப் பாத்தா பொய் சொல்ற பொண்ணு மாதிரி தெரியல.

ஒண்ணு சொல்லட்டுமா உங்ககிட்ட. உள்ள இட்டுகினு போறதுக்கு முன்னாடி கட்டுல்கிட்ட நின்னுகினு நான் சொல்லிகினே இருக்கறேன், பத்து மணிங்க, தறில இருந்தாருங்கன்னு. இவருக்குப் பேச்சுதான் இல்லியே தவிர காது கேக்குது. நல்லா இருக்கற கைய தூக்கினாரு. தூக்கி இப்பிடி, இப்பிடி ஆட்டினாரு. வெரல விரிச்சிகினு. அப்பா, வாயில்லாதவரு எவ்ளோ பேசறாருன்னு இருந்துச்சு. டாக்டரு பாத்துட்டு, இன்னாம்மா சொல்றாருன்னு கேட்டுச்சு. பயப்படறாருங்க, ஊசின்னா கொழந்தையில இருந்தே பயம்னு சொன்னேன். சொல்லிட்டு அவரு கையப் புடிச்சி கீழ எறக்கி வெச்சேன். அவரு எறக்கல. நான் கொஞ்சம் அழுத்தித்தான் எறக்கினேன். முப்பது வருஷம் என்னப் பேச வுடாம பேசின மனுஷன், ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தாரு, நான் சொல்ல வுடல. என் மேலயே எனக்கு பயமா இருக்குது.

தண்ணி வேணாம். ஒண்ணும் இல்ல. முந்தானைலயே தொடைச்சிக்கறேன்.

அதோ, லைட்டு நின்னுடுச்சி பாத்தீங்களா. படம் முடிஞ்சிடுச்சி. அந்த சிஸ்டரு இன்னா எடுத்துகினு போவுது, தட்டுல? மூடி வெச்சிகினு ஜல்தி ஜல்தியா போவுதே. அதுதான் ஊசியா இருக்கும். ஒடனே போட்டுட மாட்டாங்க இல்ல? ஏதோ கலக்கணும், எடை பாத்து அளவு எடுக்கணும்னு சொல்லிகினு இருந்தாங்க. கொஞ்ச நேரம் ஆவும். ஆவும் இல்ல?

பிஸ்கட்டா? இல்லம்மா, நீங்க சாப்புடுங்க. காலைல இருந்து வயிறு காலிதான், ஆனா இன்னிக்கு வாயில வெக்க மாட்டேன். அமாவாசை இல்ல? மாமனாரு மாமியாருக்குப் படையல் போட்டு காக்காவுக்கு சோறு வெச்சாதான் நாங்க தொடுவோம். வடைக்கு அரைச்சி வெச்சது அப்பிடியே கெடக்குது கிரைண்டர்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து தல குளிச்சிட்டு சமையல் ரூமுக்குப் போனவதான் நான், வாழக்கா, பூசணிக்கா, பாயசம்னு ஒரே வேல. அவரு எழுந்துக்கல. தூங்கட்டும்னு வுட்டுட்டேன். அமாவாசை ஒரு நாளுதான எங்க ஆம்பளைங்க நல்லா தூங்கறது. அன்னிக்கு எங்க தெருவுல யாரும் தறில குந்த மாட்டாங்கம்மா, லீவு. ஒரு வூட்லகூட சத்தம் கேக்காது.

ஆமாம்மா. கேக்கல. எந்த சத்தமும் நிக்கல.

எல வாங்கினு வாங்கன்னு எழுப்பப் போனேன். அப்பதான் பாத்தேன். எப்ப வந்துச்சுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். ராத்திரி படுக்கும்போது கொழம்புல உப்பு போட்டியா இல்ல உப்புல கொழம்பு வெச்சியான்னு கேட்டாரு. அதுதான் நான் கடைசியா அவர நல்லாப் பாத்தது.

இன்னாம்மா எழுந்துகினீங்க? நானே போய் சொல்லியிருப்பேன், ரெண்டு தபா எழுந்தேன், சின்னம்மா அக்கா மொகம் முன்னாடி வந்து நிக்குது, மறுபடியும் குந்திட்டேன். அந்தக் கதவு இல்லம்மா, அது பூட்டியிருக்கும். இந்தப் பக்கம், பச்சத் துணி தொங்குதே, அது வழியா போங்க. தீபா டாக்டருன்னு கேளுங்க. ஓடுங்கம்மா.